சிவனாண்டியின் வருமானச் சான்று

அது தொண்ணூற்றாறா, தொண்ணூற்றேழா என்று எனக்கு நிச்சயமில்லை. களத்தில் கிடந்தது உளுந்துதானா என்பதிலும் தடுமாற்றம் உண்டு. மழை பொய்த்த வருஷம் என்பது மட்டும் உறுதி.

சுடலைச்செல்வி அப்போது கோவில்பட்டியில் பி.எஸ்சி. முதலாண்டு. கழுகுமலைக்குப் பக்கத்துக் கரிசல் கிராமத்திலிருந்து போய்வந்தாள். கல்லூரி நூலகத்துக்கு வெளியே பலகையில்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். தீப்பெட்டி முதலாளி ஒருவரின் அறக்கட்டளை மூன்று வருஷமும் படிப்புச் செலவைக் கொடுக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்குள் இருப்பதாகத் தாசில்தாரின் சான்று வேண்டும். முதல் வருஷக் கட்டணத்தை ஆட்டை விற்றுக் கட்டியாயிற்று. அடுத்த வருஷத்துக்கு விற்க எதுவுமில்லை; இது கிடைக்காவிட்டால் அவள் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கத்தான் போக வேண்டும்.

விண்ணப்பத்தை முதலில் பென்சிலால் நிரப்பி, பிறகு அதன்மேல் மையால் எழுதினாள். அந்தத் தாளின் வாசனை இன்றும் அவளுக்கு நினைவிருக்கிறது.

தை மாசத்தில் ஒரு காலை, வருவாய் ஆய்வாளர் நந்தகோபால் விசாரிக்க வந்தார். செங்கல்பட்டுப் பக்கத்து மனிதர். மாற்றலாகி வந்து ஒரு மாசம்தான். வீடு பூட்டியிருந்ததால் நேரே களத்துக்கே வந்துவிட்டார். மாடு விட்டு மிதித்த பொலி, தூசி தும்போடு தூற்றாமல் மலைபோலக் குவிந்து கிடந்தது.

பொலி கிடக்கும் களத்தில் நின்றுகொண்டு குறைவு என்ற பேச்சை அந்த ஊரில் யாரும் எடுக்க மாட்டார்கள். அளக்கும்போதுகூட முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணுவதில்லை. லாபம் என்றுதான் எண்ணுவார்கள். எவ்வளவு தேறும் என்று நந்தகோபால் கேட்டார். செல்வியின் அப்பா சிவனாண்டி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பெருகிக் கெடக்கு சார். இருபது மூட்டைக்குக் கொறையாது."

பன்னிரண்டாயிரத்தைப் பற்றி முந்தின நாள்தான் செல்வி அவருக்கு விளக்கியிருந்தாள். இப்போதும் கஞ்சித் தூக்கோடு பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. அவளும் அந்தக் களத்தில் வளர்ந்தவள்தானே. நந்தகோபால் எழுதிக்கொண்டு போனார்.

தூற்றியபோது மூன்று மூட்டை தேறியது. பத்து நாள் கழித்துச் சான்று வந்தது. ஆண்டு வருமானம் இருபத்துநாலாயிரம். விண்ணப்பம் கொடுக்க அடுத்த நாளே கடைசி.

அம்மா வேலுத்தாய் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "வாய் நெறைய அளந்தியளே, அந்த இருபது மூட்டையையும் காலேஜுல கொண்டு கொட்டிட்டு வாங்க" என்றாள். சிவனாண்டி காலையில் மகளுக்கு முன்னால் போய் பஸ்ஸுக்கு நின்றார்.

தாலுகா ஆபீசில் நந்தகோபால் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அப்படியானால் அன்றைக்குச் சொன்னது பொய்யா என்றார்.

 சுற்றி நாலைந்து பேர் இருந்தார்கள். தனக்காக அப்பா இன்னொரு வார்த்தை பேச வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூடச் செல்விக்குத் தோன்றியது.

"பொய் இல்ல சார். அது களத்துக்குச் சொன்னது" என்றார் சிவனாண்டி. "இப்ப வீட்டுக்குச் சொல்லுதேன். மூணு மூட்டை. வெதைக்கு ஒண்ணு எடுத்தா ரெண்டு."

சாவுச் செய்தி சொல்பவரைப்போலத் தணிந்த குரலில் சொன்னார்.

நந்தகோபால் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். "இனிமே உங்க ஊர்ல களத்துல இல்ல, அடுப்படியில வச்சுத்தான் விசாரிக்கணும் போல" என்றார். கிராம அதிகாரியிடம் கேட்டு, புதிதாக எழுதி, தாசில்தாரின் கையெழுத்தை வாங்கிக் கொடுத்தபோது மணி மூன்று. நாலரைக்குச் செல்வி அறக்கட்டளையில் விண்ணப்பத்தைக் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் சிவனாண்டி கரிசலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.  படித்த காலத்தை நினைத்தால் அவளுக்கு முதலில் வருவது அந்த ஒரு மணி நேர பஸ் பயணம்தான்.

உதவித்தொகை மூன்று வருஷமும் வந்தது. செல்வி ஓட்டப்பிடாரத்தில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறாள். வேலுத்தாய் அவளோடு இருக்கிறாள். நந்தகோபால் மறுவருஷமே மாற்றலாகிப் போனார். சிவனாண்டி இறந்து பதினோரு வருஷமாகிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள்.