குண்டு தூக்கியவன்

சூ மேக்கு இரண்டு தம்பிகள். பெரியவன் க்ளோ ரே, நாட்டைப் பிடித்து ஆண்ட பட்டாளத்தை எதிர்த்துக் கயா மலையில் போராளிகளோடு சேர்ந்து சண்டை போட்டவன். பீரங்கிக் குண்டில் இடது கை முழங்கையோடு போனபிறகு, அகதி முகாமில் அக்காவின் தார்ப்பாய்க் குடிசையில் இருந்தான். சின்னவன் தூ ரே மாண்டலேயில் டீக்கடையில் வேலை பார்த்தவன். பட்டாளத்துக்காரர்கள் அவனைத் தெருவில் பிடித்து, காக்கி மாட்டிப் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து தப்பி வந்தவனைப் போராளிகள் ஒரு மாதம் விசாரித்துவிட்டு சூ மேயிடம் ஒப்படைத்தார்கள்.

வாசலில் க்ளோ ரே மறித்து நின்றான்.

"என்ன வேலைடா குடுத்தாங்க?"

"பீரங்கிக்குக் குண்டு தூக்கிக் குடுக்கிறதுண்ணே."

"எங்க அடிச்சீங்க?"

"தெரியாது. அவங்க நம்பர் சொல்லுவாங்க, சுடுவாங்க. எங்க விழுதுன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க."

க்ளோ ரே அக்கா பக்கம் திரும்பினான். "இவன் உள்ள படுத்தா நான் வேற இடம் பாத்துக்கிறேன்."

"ரெண்டு பேரும் எங்கயும் போகவேணாம். அம்மா போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது நீங்கதான்," என்றாள் சூ மே.

தூ ரே தானாகவே சமையல் கொட்டகையில் படுத்துக்கொண்டான். முகாமில் அவனுக்குப் 'பட்டாளத்தான்' என்று பேர் வைத்தார்கள். யாரும் கேட்காமலே மண்வெட்டியை எடுத்துக் குடிசைகளுக்குப் பக்கத்தில் பதுங்குகுழி வெட்ட ஆரம்பித்தான்.

"குண்டு போட்டவனே இப்ப குழியும் வெட்டுறானா?" என்றாள் பக்கத்துக் குடிசைக்காரி.

"வெட்டட்டும். பட்டாளத்துப் பிளேன் குண்டு போட வரும்போது நீ உள்ள இறங்காம வெளிய நின்னு வேடிக்கை பாரு," என்றாள் சூ மே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து சனம் கலையும்போது பிளேன் வந்தது. சூ மேயும் தூ ரேயும் முதலில் குழிக்குள் இறங்கிவிட்டார்கள். பின்னால் ஓடிவந்த க்ளோ ரே சேற்றில் வழுக்கி விழுந்தான். ஒற்றைக் கையை ஊன்றி எழ முடியவில்லை. தூ ரே மேலே ஏறிப் போய் அவனை இழுத்து வந்து உள்ளே தள்ளி, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டான். குண்டு மூங்கில் புதரில் விழுந்தது. மண் கொட்டியது.

சத்தம் அடங்கியும் தூ ரே எழவில்லை.

"அண்ணே, நாங்க அடிச்ச எடத்துலயும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

"இப்படித்தான் இருந்துச்சு," என்றான் க்ளோ ரே. பிறகு மிச்சமிருந்த கையால் தம்பியின் கண்ணில் அப்பிய மண்ணைத் துடைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் சூ மே கொட்டகைக்குப் போனபோது தூ ரேயின் பாயைக் காணவில்லை. க்ளோ ரே அதைச் சுருட்டிக் கொண்டுபோய்க் குடிசைக்குள் தன் பாய்க்குப் பக்கத்தில் விரித்திருந்தான்.

தன் கையைப் பறித்த குண்டைத் தூக்கிக் கொடுத்தது இவனா என்று அவன் கடைசிவரை கேட்கவில்லை. மறுநாள் முதல் எங்கே தோண்டலாம் என்று அவன் இடம் காட்ட, தூ ரே தோண்டினான். மதியச் சோற்றை சூ மே இருவருக்கும் ஒரே தட்டில் போட்டு எடுத்துப் போனாள்.