பூட்டு வைத்த பீரோ

அந்த வீட்டில் மொத்தம் எத்தனை அலமாரி என்று கேட்டால் அதையெல்லாம் செய்து வைத்த அவள் கணவருக்கே கணக்குத் தெரியாது. சுவர் தெரியாமல் அலமாரி. சமையலறையில் மட்டுமா? கூடத்தில், படுக்கையறையில், மாடிப்படிக்கு அடியில், குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால்கூட ஒன்று. தெருவில் அவருக்கு அலமாரிக்காரர் என்றே பேர். பிளைவுட்டை அறுத்து, பளபளவென்று மேல்தாள் ஒட்டி, கைப்பிடியே இல்லாமல் தொட்டால் திறக்கிற மாதிரி செய்துகொடுப்பது தொழில். தனியாகக் கடை பிடித்தால் வாடகை கொடுத்து மாளாது என்று, கல்யாணமான புதிதிலேயே வீட்டைக் கடையாக்கிவிட்டார். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் நேரே வீட்டுக்கு வருவார்கள். அவர் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவார். உள்ளே இருப்பதெல்லாம் அவளுடைய சாமான்.

கேட்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். இருந்து பார்த்தவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நிற்பாள், நாலு பேர் படுக்கையறைக்குள் வந்து, "ஓ, இப்படிக்கூட மடிச்சு வைக்கலாமா?" என்று அவள் புடவையைத் தூக்கிப் பார்ப்பார்கள். உள்பாவாடைகளை ஒரு பெட்டியில் திணித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. கை நடுங்க ஸ்டியரிங் பிடிக்கிறவர்களிடம் நாள் முழுக்க, "பயப்படாதீங்க, வண்டி உங்க பேச்சைத்தான் கேக்கும்" என்று சொல்லுவாள். வீட்டுக்கு வந்தால் அவள் பேச்சைக் கேட்க ஒரு டிராயர்கூடக் கிடையாது.

இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் அந்தப் பல்லே அவள் மானத்தை வாங்கியது. கீழ்வரிசையில் அவளுக்கு மூன்று பல் கட்டுப்பல். அவசரத்துக்கு இன்னொரு செட் டப்பாவில் போட்டு, படுக்கையறை டிராயரின் கோடியில் வைத்திருந்தாள். புருஷனையும் பல் டாக்டரையும் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. போன மாதம் வந்த ஒரு குடும்பத்துப் பெரியம்மா அந்த டிராயரை இழுத்து, டப்பாவைத் திறந்து, "ஐயய்யோ!" என்று அலறிவிட்டாள். அலறின கையோடு சிரிப்பு. மகன் சிரித்தான், மருமகள் சிரித்தாள். அலமாரிக்காரரும் சிரித்துக்கொண்டே, "பாத்தீங்களா, எவ்வளவு இடம்! பல்லுக்குக்கூடத் தனி இடம் இருக்கு" என்றார். டீ கொண்டுவந்தவள் தட்டோடு வாசற்படியில் நின்றாள். முகம் தீயாய் எரிந்தது. டீயைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டினாள்.

அவர்கள் போனதும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எனக்குப் பூட்டு வச்ச பீரோ ஒண்ணு வேணும்."

"பூட்டா? நம்ம டிசைன்ல பூட்டே கிடையாதும்மா. லுக்கே போயிடும்."

"அப்ப வெளிய வாங்கிக்கறேன்."

"அலமாரிக்காரன் பொண்டாட்டி வெளிய பீரோ வாங்கினா ஊரே சிரிக்கும்."

"ஊருதான் ஏற்கெனவே என் பல்லப் பாத்துச் சிரிச்சாச்சே. இதுக்கும் சிரிச்சிட்டுப் போகட்டும்."

இது அவள் கோபத்தில் சொன்ன பேச்சு என்று அவர் நினைத்துக்கொண்டார். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த மனுஷனுக்கு அவளைத் தெரியவில்லை, என்ன செய்ய?

அடுத்த வாரமே தங்கையைக் கூட்டிக்கொண்டு பழைய மரச்சாமான் கடைக்குப் போனாள். ரயில் பாதையை ஒட்டி ஒரு நீளமான கொட்டகை. நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. மெழுகும் தூசியும் கலந்த வாடை. கடைக்காரர் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்ற ஒரு பெரிய பீரோவைத் தட்டினார். உடம்பெல்லாம் பூவேலை, தேன் நிறத்தில் மினுமினுப்பு.

"நூறு வருஷத்துச் சாமான்மா. இந்த மாதிரி இப்ப பாக்கவே முடியாது."

அவள் முன்பக்கத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போய்க் குனிந்தாள். வீட்டில் தினமும் பார்த்துச் சலித்த அதே பிளைவுட், அதே ஆணி.

"நூறு வருஷத்துக்கு முன்னாடியே பிளைவுட் போட்டிருக்காங்களே, கெட்டிக்காரங்கதான்" என்றாள். தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கடைக்காரர் அசடு வழிந்துகொண்டு அடுத்ததற்கு நகர்ந்தார்.

அடுத்தது கண்ணாடிக் கதவு. "உள்ள இருக்கறது அழகாத் தெரியும்" என்று அவர் வாயெடுத்ததுமே, "தெரிஞ்ச வரைக்கும் போதும், மூடுங்க" என்றாள். இன்னொன்றின் கதவு நிலைக்கு ஒட்டாமல் இளித்தது. இன்னொன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விரலால் தட்டினாள், மாவு மாதிரி மரத்தூள் காலடியில் கொட்டியது. பூச்சி உள்ளேயே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. தங்கைக்குக் கால் வலி வந்துவிட்டது. "அக்கா, பொண்ணு பாக்கறவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க" என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியில் ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒன்று நின்றது. திருப்பச் சொன்னாள். பூவேலையுமில்லை, மினுமினுப்புமில்லை. கறுத்த தேக்கு, இரட்டைக் கதவு, அடியில் ஒரு டிராயர், பித்தளைப் பூட்டு. ஒரு கால் எப்போதோ உடைந்து, வேறு மரத்தில் கால் வைத்திருந்தார்கள். பின்பலகை கனமான ஒரே மரம். தட்டினால் கெட்டியாகச் சத்தம் வந்தது. கதவைச் சாத்தினாள், இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. டிராயரை இழுத்து, லேசாகத் தள்ளிவிட்டுக் காத்திருந்தாள்.

"என்னம்மா பாக்கறீங்க?"

"அதுவா போய் மூடிக்குமான்னு பாக்கறேன்."

வீட்டுப் பழக்கம். அங்கே எல்லா டிராயரும் லேசாகத் தள்ளினால் தானே போய்ச் சாத்திக்கொள்ளும். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இது அந்தக் காலத்துச் சாமான்மா. நீங்க மூடினாத்தான் மூடும், நீங்க திறந்தாத்தான் திறக்கும்."

"இதையே எடுத்துக்கறேன்" என்றாள். பேரம்கூடப் பேசவில்லை. தங்கைக்கு அதுதான் மனசு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பீரோ வந்து இறங்கியது. அன்றைக்கென்று பார்த்து அலமாரிக்காரர் ஒரு புதுக் கல்யாண ஜோடிக்குக் கூடத்து அலமாரிகளைத் தொட்டுத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். நாலு ஆள் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்க, அவள் முன்னால் நின்று வழி சொன்னாள். "பயப்படாதீங்க, மெதுவா. இன்னும் கொஞ்சம் லெஃப்ட். அப்படியே ஒடிச்சுத் திருப்புங்க. சுவரைப் பாக்காதீங்க, என் கையப் பாருங்க." ஒரு கீறல் இல்லாமல் பீரோ படுக்கையறைக்குள் போய் நின்றது. அங்கே இருந்த பிளைவுட் அலமாரியை, அன்று காலை அவர் வெளியே போயிருந்தபோதே கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாள். உள்ளே வந்த அவர் கண்ணில் அது பட்டது. வாடிக்கையாளர் முன்னால் கத்தவும் முடியவில்லை.

அந்தப் புதுப்பெண் பின்னாலேயே வந்து நின்றாள். "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு! சார், இந்த மாதிரி செய்வீங்களா?"

அலமாரிக்காரர் முகம் ஒரே நொடியில் மாறியது பார்க்க வேண்டும்! "செய்வோமே! இது நம்ம பழைய மாடல் கலெக்ஷன்மா. இப்பதான் இறக்கியிருக்கோம்" என்று கூசாமல் சொல்லிவிட்டுக் கதவில் கை வைத்தார். பூட்டியிருந்தது. "சாவி குடும்மா, உள்ள எப்படி இருக்குன்னு பாக்கட்டும்."

"தர முடியாதுங்க."

அவர் சிரித்தபடியே பல்லிடுக்கில் பேசினார். "பெரிய ஆர்டர். வீடு மொத்தமும். அஞ்சு நிமிஷந்தான்."

"அஞ்சு நிமிஷமும் கிடையாது."

"அப்படி என்னதான் வச்சிருக்க உள்ள?"

"ஒண்ணுமே வைக்கல. காலி."

"காலியா? அப்ப காட்டறதுக்கு என்ன வந்துச்சு?"

அவள் பீரோவின்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். இத்தனை வருஷக் கோபமும் வெளியே வந்தது. "காலியா இருந்தாலும் என்னோடதுங்க. இந்த வீட்டுல எல்லாத்தையும் திறந்து காட்டிட்டீங்க. என் துணிய, என் மருந்த, என் பல்லக் காட்டினீங்க. இது திறக்காது. ஆர்டர் வந்தா வரட்டும், போனாப் போகட்டும்."

புதுப்பெண் சங்கடத்தோடு, "விடுங்க சார், அக்காவோடதுதானே" என்றாள். அவள் கணவன், "யோசிச்சுச் சொல்றோம்" என்று செருப்பைத் தேடினான். அப்படிச் சொல்லிப் போனவர்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

கதவு சாத்தினதும் அவர் குதித்தார். மானம் போச்சு என்றார், தொழில் போச்சு என்றார், உனக்குப் பைத்தியமா என்றார். அவள் ஒரு துணியை நனைத்துப் பீரோவின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதில் வராத கோபம் எவ்வளவு நேரம் தாங்கும்? அவருக்கும் தொண்டை வற்றியது. கட்டிலில் போய் உட்கார்ந்தார். கழற்றிப்போட்ட தன் அலமாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"ஊருக்கு வேணாம், சரி. எனக்குமா?"

"உங்களுக்குந்தான். கேளுங்க. தோணினாக் காட்டறேன்."

இருபது வருஷத்தில் அந்த வீட்டில் எதையும் அவர் கேட்டுத் திறந்ததில்லை. எழுந்து பீரோவுக்கு எதிரே வந்து நின்றார். கை தானாகக் கதவுக்குப் போனது. பாதியில் நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"திறந்து பாக்கலாமா?" என்று கேட்டார்.

"இன்னிக்கி வேணாங்க" என்றாள்.