சோதனையில் தொங்கிய இணைப்பு

தொலைபேசி நிலையத்தில் அவனை எல்லோரும் ‘நாவல்’ என்றுதான் கூப்பிட்டார்கள். சந்தாதாரர்களின் இணைப்புகளைச் சோதிப்பதற்குச் சம்பளம். மேசை இழுப்பறைக்குள் மொழிபெயர்ப்பு நாவல் படிப்பதுதான் உத்தியோகம். எந்தக் கம்பியில் காதை வைத்தாலும் அவனுக்குப் பனிப்புயலும் தூரத்து ரயிலும் கேட்கும். பழுது மட்டும் கேட்காது.

அன்று காலை கிளம்பும்போது அக்கா பிடித்துக்கொண்டாள். "டேய், அந்த மருந்துக் கம்பெனியிலேருந்து இன்னைக்குக் கூப்பிடுவாங்க. நான் எடுக்கலைன்னா வேலை அடுத்த ஆளுக்குப் போயிடும். நம்ம லைனை ஒருதடவை பார்த்துடு."

"என்கிட்ட சொல்லிட்டே இல்ல? கவலைய விடு."

கவலையை விட்டவன் அவன்தான். நிலையத்துக்கு வந்ததும் வீட்டு எண்ணைச் சோதனைக்கு எடுத்தான். கம்பியில் கசிவில்லை, மின்னழுத்தம் சரி. உலக இலக்கியத்தில் எந்தத் தம்பியும் அக்காவுக்கு இப்படி உதவியதில்லை என்ற பூரிப்போடு நாவலைப் பிரித்தான். நாயகன் பனியில் வழிதவறினான், கூடவே இவனும்.

உச்சிவேளையில் மேற்பார்வையாளர் அம்மா சோதனைப் பலகையின் முன் வந்து நின்றார். "எந்தப் புண்ணியவான் வேலை இது? காலையிலேருந்து ஒரு லைன் சோதனையிலேயே தொங்குது. விடுவிக்கலைன்னா யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டுதானே வரும்?"

"யாரோ பொறுப்பில்லாதவங்க மேடம்" என்று நிமிர்ந்தவன் எண்ணைப் பார்த்தான். சிவப்பு விளக்கின் கீழே அவன் வீடு.

பதறிப்போய் விடுவித்தான். உடனே வீட்டுக்குக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே அக்கா எடுத்தாள்.

"வணக்கம் சார்!"

"நான்தாங்கா."

"நீயா? காலையிலேருந்து போன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன். எடுத்துப் பார்க்கிற நேரம் பார்த்து அவங்க கூப்பிட்டுட்டா என்ன பண்றதுன்னு தொடக்கூட இல்ல."

"சோதனையில போட்டு, விடுவிக்க மறந்துட்டேன்கா. ஒரு மனுஷன் தன் தப்பை உணர்ற நேரம் இருக்கே..."

"அறிவுகெட்டவனே! இப்பவும் லைனை அடைச்சுக்கிட்டுதானே பேசுறே? வைடா!"

மூன்று பக்க மன்னிப்பை முதல் வரியிலேயே நிறுத்திவிட்டு ரிசீவரை வைத்தான். இழுப்பறையைச் சாத்திவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து வீட்டு எண்ணில் பச்சை விளக்கு எரிந்தது. அக்கா யாருடனோ பேசுகிறாள். ஒரு விசையைத் தட்டினால் கேட்டுவிடலாம். கை நீண்டது.

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்றார் மேற்பார்வையாளர் அம்மா, திரும்பாமலே.

கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டான். ‘வேலை இல்லை’ என்று சொல்ல ஒரு கம்பெனிக்கு இவ்வளவு நேரம் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பச்சை அணைந்தது. மேசைத் தொலைபேசி அலறியது.

"கிடைச்சிடுச்சுடா! நாலு தடவை அடிச்சுப் பார்த்தாங்களாம். இனிமே நம்ம லைன்ல ஏதாவது கோளாறுன்னா..."

"சொல்லுக்கா, ஓடி வர்றேன்."

"உன்கிட்ட மட்டும் சொல்லமாட்டேன்."