முதலில் வந்தது

வலது காலில் உறை ஏறிவிட்டது. இடது காலின் விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. சிந்தியா அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தாள், நிமிரவில்லை. உறையின் வாயை அகட்டிப் பிடித்து அப்படியே மெல்ல இழுத்துவிட்டாள்.

அண்ணனை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். நான்கு மணிக்குக் கோயிலில் பூசை, பிறகு உப்பளம் கல்லறை. கல்யாணத்துக்குத் தைத்த சாம்பல் நிறக் கோட்டைத்தான் அவனுக்குப் போட்டிருந்தார்கள். இடுப்பில் சேராததால் அண்ணி மெரின் அதன் முதுகைக் கத்தரியால் பிளந்துவிட்டு முன்பக்கம் மட்டும் ஒழுங்காகத் தெரியும்படி செருகியிருந்தாள். ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்துத் தொழிற்சாலை ஒன்றில் எலெக்ட்ரீஷியனாக இருந்த கிளாட்வின், கல்யாணத்துக்குப் பிறகு கோட்டுப் போட்டது இன்றைக்குத்தான்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மெரின், வருகிறவர்களுக்கெல்லாம் நேற்று நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரே மாதிரி, ஒரு வார்த்தை மாறாமல். இப்போது எதிரில் இருந்தவர் லூயிஸ் பெரியப்பா. கிளாட்வினையும் சிந்தியாவையும் அப்பா இல்லாத குறை தெரியாமல் பார்த்துக்கொண்டவர்.

"பெரியாஸ்பத்திரி கிட்டக்கதானம்மா இருக்குது. அங்க ஏன் போவல?" என்றார்.

"கை கால் ஓடல மாமா. கறி வாங்கியாந்து குடுத்தாரு. வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருக்கேன், நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாரு. ஞாயித்துக்கெழமையாச்சே, அங்க டாக்டர் இருப்பாங்களோ இல்லியோன்னு போன்ல போட்டுப் பாத்தேன். முதல்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிதான் வந்துச்சு. ஆட்டோ வெச்சி அங்கியே தூக்கிட்டுப் போனோம். ஒரு நர்சுப் பொண்ணு மட்டும் இருந்துச்சு. டாக்டர் வந்துடுவாரு, வந்துடுவாருன்னு சொல்லிக்கினே இருந்துச்சு. அப்பறம் அதுவே பயந்துபோயி, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னுச்சு. வழியிலயே..."

அதற்கு மேல் சொல்வதில்லை. மடியிலிருந்த போனை எடுத்துத் திறந்து பெரியப்பாவிடம் நீட்டினாள். தன்மேல் பிசகில்லை என்பதற்கு அவளிடம் இருந்த சாட்சி அது ஒன்றுதான். பெரியப்பா கண்ணாடியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார். கிடைக்கவில்லை. கால்மாட்டில் இருந்த சிந்தியாவிடம் கொடுத்தார்.

"என்ன போட்டிருக்கான், படிம்மா."

நெஞ்சுவலி என்பதை மெரின் ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள். ஆஸ்பிட்டல் என்ற சொல்லில் நடுவே இரண்டு எழுத்துகள் விழுந்துபோயிருந்தன. அதற்குக் கீழே முதல் வரியாக நின்றதைச் சிந்தியா படித்தாள்.

"நெஞ்சுவலியா? ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இதய மருத்துவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்."

படிக்கத் தேவையே இல்லை. அது சிந்தியாவே எழுதியது.

யார் எதைத் தேடினாலும் தங்களிடம் பணம் கொடுத்தவர்களின் பக்கம் முதலில் வந்து நிற்கும்படி செய்வதுதான் சிந்தியாவின் வேலை. விடுதிகள், பல் டாக்டர்கள், கடலில் முக்குளிக்கக் கூட்டிப்போகிறவர்கள் என்று ஊரில் பாதிப் பேருக்கு அவள் கம்பெனி செய்துகொடுத்தது. அந்த ஆஸ்பத்திரி போன வருஷம் வந்தது. "இருபத்தி நாலு மணி நேரமும் டாக்டர் இருப்பாரா?" என்று அதன் மேனேஜரிடம் அவள் கேட்கத்தான் செய்தாள். "கூப்ட்டா வந்துடுவாருங்க. எல்லாரும் போடறதுதான, போடுங்க" என்றார் அவர். போட்டாள். என்னென்ன சொற்களைத் தேடினால் விளம்பரம் வரவேண்டும் என்று சேர்த்தபோது, பிழையாக எழுதப்பட்ட சொற்களையும் அவளேதான் சேர்த்தாள். பயத்தில் இருக்கிறவங்க கை தப்பாத்தான் சார் அடிக்கும், அந்தத் தப்பையும் நாம புடிக்கணும் என்று அவள் சொன்னபோது முதலாளி பலராமன் மற்றவர்கள் முன்னால் கை தட்டினார்.

வீட்டில் கிளாட்வின்தான் அந்த வேலையைக் கேலி செய்வான். "எங்க, கூகுள்ல உங்கண்ணன் பேரப் போட்டா முதல்ல வருமா?" என்பான். "உன்ன எவன் தேடப் போறான்?" என்பாள் இவள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

"இப்பிடி எழுதிப் போட்டு வெச்சிருக்கானுங்களே, இவனுங்கல்லாம் மனுசனுங்களா?" என்றார் பெரியப்பா.

சிந்தியா போனை மெரினிடம் கொடுத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனாள். கறிச்சட்டி நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் எடுத்துக் கொட்டியிருக்கவில்லை, ஈ மொய்த்தது. துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து தன் போனில் கம்பெனிக் கணக்கைத் திறந்தாள். அந்த ஆஸ்பத்திரியின் விளம்பரத்துக்கு எதிரே இருந்த பொத்தானைத் தொட்டாள். பச்சை போய்ச் சாம்பலானது, விளம்பரம் நின்றது. இவ்வளவு சுலபமான காரியம்.

கல்லிலேயே உட்கார்ந்திருந்தாள். முன்னறையில் செபமாலை தொடங்கி மூன்றாம் தேவ இரகசியத்துக்கு வந்தபோது பலராமன் கூப்பிட்டார்.

"சிந்தியா, இந்த நேரத்துல கூப்டறேன், மன்னிச்சிக்கம்மா. ஆபீஸ் பேர்ல மலர்வளையம் அனுப்பியிருக்கேன், வந்துச்சா? ஒண்ணுமில்ல, ஆஸ்பத்திரி விளம்பரம் நின்னுபோயிருக்கு. அவங்க போன் மேல போன் போடறாங்க. துக்கத்துல கை பட்டுடுச்சோன்னு..."

"நான்தான் சார் நிறுத்தினேன்."

"ஏம்மா?"

"அண்ணன அங்கதான் சார் கொண்டு போனாங்க."

பலராமனின் அறையில் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"அண்ணி போன்ல தேடியிருக்காங்க. நம்ம விளம்பரம் வந்திருக்கு. டாக்டர் இல்ல சார் அங்க."

"கடவுளே" என்றார் மெதுவாக. பிறகு, "விதிம்மா. அவருக்கு அங்கன்னு எழுதியிருக்கு. வேற எடம் போயிருந்தாலும் என்ன ஆயிருக்கும்னு யாரு கண்டா? நீ இத யாருகிட்டயும் சொல்லிக்காத. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

"திரும்பப் போடாதீங்க சார்."

"நீ இப்ப அதெல்லாம் யோசிக்காதம்மா. நான் பாத்துக்கறேன். எவ்ளோ நாள் வேணும்னாலும் லீவு எடுத்துக்க."

அன்பாகத்தான் சொன்னார். போனை வைத்ததும் அவள் மெரின் அடித்த மாதிரியே, அதே எழுத்துகளை விட்டுவிட்டு அடித்துப் பார்த்தாள். இல்லை. செபமாலை முடிந்து பிரார்த்தனை ஓடிக்கொண்டிருந்தபோது மறுபடி அடித்துப் பார்த்தாள். அவள் எழுதிய வரி முதலில் வந்து நின்றது.

பெட்டி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். கிளாட்வினைத் தூக்கி அதில் வைத்தார்கள். வெளியே பேண்டுக்காரர்கள் மேளத்தின் தோல்வாரை மாட்டிக்கொண்டு நின்றார்கள். மெரின் அழுது தீர்ந்துபோயிருந்தாள். சிந்தியாவின் கையைப் பிடித்துத் தன்னருகே இழுத்தாள்.

"நீ காலாப்பட்டுல நிச்சயதார்த்த வீட்ல இருக்கியேன்னு, ஒனக்கு ஒரு போன் போடணும்னு தோணாமப் போச்சு எனக்கு. இதெல்லாம் ஒனக்குத்தான தெரியும். எது நெசம், எது பொய்யின்னு நீ சொல்லியிருப்ப. நாந்தான் கண்டதையும் நம்பி, கொண்டுபோயி..."

"அண்ணி" என்றாள் சிந்தியா.

மெரின் நிமிர்ந்து பார்த்தாள். கண் இமையெல்லாம் வீங்கி, முகமே வேறு யாருடையதோ போலிருந்தது. அந்த முகம் அவள் சொல்வதற்காகக் காத்திருந்தது.

"நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி" என்றாள் சிந்தியா.

சாமியார் தீர்த்தம் தெளித்தார். பெட்டியை மூடினார்கள்.

கல்லறையில் எல்லாரும் மண் போட்டார்கள். சிந்தியாவும் போட்டாள். திரும்பி வந்து குளித்துவிட்டு, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி கறிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கடுங்காப்பி போட்டு வைத்துவிட்டுப் போனாள்.

முன்னறையில் பாய் விரித்து மெரின் சுருண்டு படுத்திருந்தாள். அவள் போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவள், கண்ணைக் கசக்கிக்கொண்டு சிந்தியாவிடம் நீட்டினாள்.

"என்னமோ கேக்குது பாரு. எழுத்தே தெரியல எனக்கு."

நேற்றுப் போன ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது. உங்கள் அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டு, அதற்குக் கீழே நிரப்பாத ஐந்து நட்சத்திரங்கள்.

"யாரு?" என்றாள் மெரின்.

"ஒண்ணுமில்ல அண்ணி. விளம்பரம்."

மெரின் போனை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சுவரோரமாக நகர்ந்து, பாயில் சிந்தியாவுக்கு இடம் விட்டாள்.