வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

பேருந்து ஓட்டுநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஜெபதாஸ் ஒரு பழைய வேனை வாங்கினார். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலிருந்த தன் வீட்டு முற்றத்தில் அதை நிறுத்தி, அதற்குள் இன்னொரு வீடு கட்ட ஆரம்பித்தார். கட்டில், அடுப்பு, பாத்திர அலமாரி, துணி அலமாரி, சுவரோடு மடங்கும் மேசை. அவரும் மனைவி குளோரியும் நினைத்த இடத்துக்குப் போய், நினைத்த இடத்தில் தூங்கி எழலாம் என்பது திட்டம். குளோரி முதலில் சிரித்தாள். அப்புறம் ஜன்னல் திரைகளை அவளே தைத்துக் கொடுத்தாள்.

சடன் பிரேக் போட்டால் ஒரு பேருந்துக்குள் எதெல்லாம் பறந்து வரும் என்று அறிந்தவர் ஜெபதாஸ். ஆகவே எதையும் சும்மா விடவில்லை. கட்டிலைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினார். கேஸ் சிலிண்டரைப் பெல்ட்டால் சுவரோடு கட்டினார். கனமான பாத்திரங்கள் கீழ்த்தட்டில், தட்டுகளுக்கு நடுவே துணி, தட்டுகளுக்கு அடியில் ரப்பர் விரிப்பு. இழுப்பறைகளைக் கொஞ்சம் தூக்கி இழுத்தால்தான் வெளியே வரும்படி செய்தார். அலமாரிக் கதவுகளுக்கு நல்ல காந்தம் வைத்தார். வண்டியைக் கிளப்புமுன் குளோரி ஒவ்வொரு கதவாக அழுத்திப் பார்த்து, "எல்லாம் செரி" என்பாள். அதற்குப் பிறகுதான் அவர் சாவியைத் திருப்புவார்.

சோதனை ஓட்டமாகக் கொட்டாரம் வரை போய் வந்தார்கள். ஒரு கரண்டிகூட இடம் மாறவில்லை.

அடுத்ததாக, குளோரியின் ஊர்ப்பக்கம் போகலாம் என்று முடிவானது. அவள் பிறந்த வீடு கீரிப்பாறைக்குப் போகிற வழியில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருந்தது. அவளுடைய அண்ணன் சுந்தர்சிங் போன வருடம்தான் அதை இடித்து மனையை விற்றிருந்தான். வீடு இல்லாவிட்டாலும் மலை இருக்கிறது, ஓடை இருக்கிறது என்று கிளம்பினார்கள்.

தடிக்காரன்கோணம் தாண்டி ஏற்றம் தொடங்கியது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். ஒரு வளைவில் திரும்பும்போது பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். துணி அலமாரியின் கதவு முழுக்கத் திறந்து கிடந்தது. உள்ளே துணிகள் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"காந்தத்துக்குப் பலம் போராது" என்றார் ஜெபதாஸ். கீரிப்பாறையில் வண்டியை நிறுத்தியதும் கருவிப் பெட்டியை எடுத்து, அந்தக் கதவுக்கு ஒரு கொண்டியை மாட்டினார். மறுநாள் இறங்கி வரும்போது அதே வளைவில் அதே சத்தம். கொண்டி வளையத்திலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

குலுக்கலில் கொண்டி தெறிக்கக்கூடியதுதான். ஆனால் வண்டி அங்கே குலுங்கவில்லை. ஜெபதாஸுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. மார்த்தாண்டத்தில் கடை கடையாக ஏறி, தடித்த எஃகுத் தாழ்ப்பாள் ஒன்றை வாங்கி வந்து, காந்தத்தையும் கொண்டியையும் எடுத்துவிட்டு அதைப் பொருத்தினார். குமிழைத் திருப்பி, ஒரு பள்ளத்திலிருந்து எடுத்து, இழுத்தால்தான் திறக்கும். குலசேகரம் பக்கம் குண்டும் குழியுமான சாலைகளாகப் பார்த்து வேண்டுமென்றே வேகமாக ஓட்டினார். தாழ்ப்பாள் அசையவில்லை.

"இனி அந்த வளைவுல என்ன செய்யும்னு பாப்போம்" என்றார்.

"அதுக்காக மறுபடியும் மலை ஏறணுமா?" என்று குளோரி கேட்டாள். ஆனாலும் அடுத்த வாரம் அவருடன் கிளம்பினாள். இந்த முறை அவள் முன்னால் உட்காரவில்லை. அலமாரிக்கு எதிரே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள்.

மதியம் கழிந்த நேரம். தோட்டத்துக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஜெபதாஸ் விளக்கைப் போட்டு, வண்டியைப் பைய உருட்டினார். வளைவு வந்தது. சத்தம் எதுவும் இல்லை. அவர் மெல்ல மூச்சு விட்டார்.

"இங்க பாருங்க," என்றாள் குளோரி. "வண்டிய நிறுத்துங்க."

அவள் குரல் தாழ்ந்திருந்தது. அவர் ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அலமாரி திறந்திருந்தது. குளோரி இரண்டு கைகளையும் மடியில் அழுத்தி வைத்திருந்தாள்.

"தெறிக்கல்ல. முதல்ல குமிழ் திரும்பிச்சு. பெறவு பைய இழுபட்டு வந்துது. நல்லாப் பழகின கை இழுக்குத மாதிரி. நான் பாத்துட்டே இருந்தேன்."

ஜெபதாஸ் எழுந்து வந்து தாழ்ப்பாளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். அது இறுக்கமாகவே இருந்தது. விரல் வலிக்க இழுக்க வேண்டியிருந்தது.

குளோரி கதவின் பலகையைத் தடவினாள். நடுவில் ஓர் இடத்தில் அவள் கை நின்றது. அங்கே பழைய துளைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருந்தது தெரிந்தது.

"இந்தப் பலகை எங்க உள்ளது?"

"உங்க வீட்ட இடிச்சப்ப கொண்டு வந்ததாக்கும். பின்ரூம் கதவு. நல்ல அயனி மரம், வெறகுக்குப் போட மனசு வரல்ல. அறுத்து, பெயிண்ட சுரண்டி, இழைச்சேன்." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன ஏட்டி?"

அவள் பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"அது எனக்க அக்காவுக்க ரூம்."

குளோரிக்கு ஜெயபாய் என்று ஓர் அக்கா இருந்ததும், கல்யாணத்துக்கு முன்பே காய்ச்சலில் செத்துப்போனதும் ஜெபதாஸுக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனபோது அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்ல," என்றாள் குளோரி. "அக்காவுக்கு இருபது வயசுக்கு மேல புத்தி தவறிப்போச்சு. ராத்திரி எந்திரிச்சு காட்டுக்குள்ள நடப்பா. யாரயோ பேரு சொல்லாமக் கூப்பிடுவா. அப்பா பின்ரூமுல போட்டு வெளிய தாழ்ப்பாள் வச்சாரு. அடிக்கல்ல, பட்டினி போடல்ல. ஆனா கதவு மட்டும் திறக்காது. ஒரு ஞாயித்துக்கிழம நாங்க சர்ச்சுக்குப் போயிட்டு வந்தா, கதவு திறந்து கெடக்கு. தாழ்ப்பாள் உடையல்ல. இழுத்து விட்டபடி இருந்துது. சாப்பிட்ட தட்டக் கழுவிக் கவுத்தி வச்சிட்டுப் போயிருந்தா."

"பெறவு?"

"பெறவு ஒண்ணுமில்ல. தோட்டம் முழுக்கத் தேடினோம். ஓடையெல்லாம் பாத்தாச்சு. ஒரு துணிகூடக் கெடைக்கல்ல." அவள் தாழ்ப்பாளைப் பார்த்தாள். "உள்ள இருக்கப்பட்டவளால அதத் திறக்க ஏலாது. வெளிய நின்னு யாரோ திறந்திருக்கணும். அண்ணன் அன்னைக்கு சர்ச்சுக்கு வரல்ல. அவனுக்கு அக்கா மேல உயிரு. அவன்தான் திறந்திருப்பான்னு எனக்குத் தோணும். கேட்டதில்ல."

 மரத்தை இழைத்தபோது உள்பக்கம் முழுக்க ஆழமில்லாத கீறல்கள் இருந்ததும், அதை அழகாக வழவழப்பாக்கியதில் தான் பெருமைப்பட்டதும் ஜெபதாஸுக்கு நினைவு வந்தது. 

"கதவக் கழத்தி இங்கயே போட்டிருவோம்," என்றார்.

"வேண்டாம். அவளக் கொண்டு வந்து மழையில போட்டுட்டுப் போன மாதிரி ஆயிரும். அந்தத் தாழ்ப்பாள மட்டும் எடுங்க."

அவர் திருப்புளியை எடுத்து ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். ஒன்று உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று. அவர் அதைத் தேடவில்லை. குளோரி எழுந்து வேனின் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தாள். சாரல் உள்ளே அடித்தது. வெளியே, பழைய வீடு இருந்த மனையை ஒட்டி, இரண்டு மர வரிசைகளுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை ஏறிப் போயிற்று. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ரப்பர் பால் பிடிக்க மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகளில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்க முன்னால போய் இருங்க," என்றாள். அவர் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்க்கத் துணியவில்லை.

பேருந்தில் ஆள் இறங்கினால் ஓட்டுநர் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. படியில் கால் ஊன்றும்போது வண்டி அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும். இறங்கியதும் லேசாக உயரும். உடம்பே அதைச் சொல்லிவிடும். ஜெபதாஸ் ஆயுசில் பாதியை அந்த இருக்கையில் கழித்தவர். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு உயர்ந்தது.

குளோரி இறங்கிவிட்டாளோ என்று பயந்து திரும்பினார். அவள் கட்டிலருகே, படியிலிருந்து தள்ளி, சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி இன்னொரு முறை சாய்ந்து உயர்ந்தது.

குளோரி எதையும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. மழை குறையும் வரை அப்படியே நின்றாள். பிறகு பக்கக் கதவை மூடிவிட்டு, அலமாரிக் கதவை ஒரு விரலால் தள்ளினாள். காந்தமும் இல்லை, கொண்டியும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. மூடிய கதவு கீரிப்பாறை வரைக்கும், அத்தனை வளைவிலும், மூடியே இருந்தது.

அன்று இரவு அங்கே தங்கினார்கள். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காலையில் இறங்கும்போது, யாரும் சொல்லாமலே ஜெபதாஸ் அந்த வளைவில் வண்டியை ஓரம் கட்டினார். குளோரி பக்கக் கதவைத் திறந்து வைத்தாள். பின்னால் வந்த எஸ்டேட் பேருந்து வேகம் குறைத்தது. அதன் ஓட்டுநர் இவரை அறிந்தவன்.

"அண்ணாச்சி, வண்டி பணி முடக்கிட்டா?"

"இல்ல மக்கா. சும்மா நிறுத்தினேன். நீ போ."

பேருந்து போயிற்று. பாதையில் வெயில் விழுந்து கிடந்தது. வண்டி அசையவில்லை.

"போலாம்," என்றாள் குளோரி.

தடிக்காரன்கோணத்தில் ஒரு கடை முன்னால் நிறுத்தி டீ வாங்கினார்கள். அங்கே செல்போனுக்குச் சிக்னல் கிடைத்தது. குளோரி டீயைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணனை அழைத்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அண்ணா, ஒரு காரியம் கேக்கணும். அக்கா போன அன்னைக்கு நீதானே திறந்து விட்டே? நான் குத்தம் சொல்லல்ல. தெரிஞ்சா போரும்."

 

"நான் அன்னைக்கு நாகர்கோவில்ல லோடு இறக்கப் போயிருந்தேன்," என்றான் சுந்தர்சிங். "பொழுதடைஞ்சுதான் வந்தேன். நீ பாதி ஜெபத்துல வயித்துவலின்னு வெளிய எறங்கினியாமே. அம்மா சொன்னா. நீதான்னு நெனச்சேன். இந்நாள் வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன் குளோரி."

"நான் சர்ச் வாசல்லதான் இருந்தேன் அண்ணா. வீட்டுக்குப் போகல்ல."

 சுந்தர்சிங் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான்.

குளோரியின் டீயில் ஆடை படிந்துவிட்டது. ஜெபதாஸ் சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சநேரம் தம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து நீ கதவத் திறந்து வச்சேல்லா," என்றார். "வண்டி ரெண்டு தடவ உயர்ந்துது. ஒரு ஆளு எறங்கினா அப்படி வராது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பயந்துவிடுவாள் என்று நினைத்தார். அவள் முகத்தில் வந்தது பயமில்லை.

"அப்ப அவ தனியாப் போகல்ல," என்றாள்.

ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்தாள்.