இரண்டு கைகள் உள்ள காவல்காரி

நான்கு மணிக்குள் கோட்டைக் காவல்காரியின் வலக்கை போக வேண்டும். இல்லாவிட்டால் காவல்காரியே போய்விடுவாள். கதாசிரியைக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தது ஒரு மாயாஜாலச் சாகச விளையாட்டு. இளவரசன், மந்திரவாதி, பேசும் கழுகு எல்லாம் மேலிடம் கொடுத்தவை. இருபது ஆண்டுகளாக வடக்கு வாயிலைத் திறக்க மறுக்கும் அந்தக் காவல்காரி ஒருத்திதான் அவளுடைய சொந்தப் படைப்பு. போன வாரம் அவளுடைய முன்கதையை மாற்றியிருந்தாள்: வெள்ளத்திலிருந்து தம்பியைக் காப்பாற்றப் போய் வலக்கையை இழந்தவள், ஆகவே வாயிலின் சக்கரத்தைச் சுழற்ற இயலாதவள். மாற்றத்தை அனிமேஷன்காரரிடம் சொல்லவில்லை. ஒரு பாத்திரம் நாலடி நடக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும் அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் நத்தை. ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

நத்தை இந்த முறை முந்திக்கொண்டது.

“ரெண்டு கையாலயும் சக்கரத்தை எப்படிச் சுத்துறா, பாருங்க மேடம்,” என்று அவர் பெருமையோடு திரையைக் காட்டினார்.

“ஒரு கையை எடுத்துட முடியாதா சார்?”

“எடுக்கறதுக்கு அது என்ன சட்டைப் பொத்தானா? தோள் இறங்கறது, உடம்பு சாயறது, எல்லாம் முதல்லேர்ந்து போடணும். நத்தைதானே, மெதுவாச் சொல்லிக்கலாம்னு நினைச்சீங்களாக்கும்!”

அவள் முகம் சுண்டிவிட்டது.

வயதில் சிறியவளான அணித்தலைவி எட்டிப் பார்த்தாள். “அக்கா, அவ ஏன் திறக்க மாட்டேங்கறான்னு காரணம் சொல்லுங்க, வச்சுக்கலாம். இல்லேன்னா வாசலுக்கு ஒரு பூட்டுப் போட்டுட்டுப் போயிடலாம். பூட்டுக்கு முன்கதை கேக்க மாட்டாங்க. குரல் கொடுக்கறவங்க நாலு மணிக்குக் கிளம்பிடுவாங்க.”

“சாபம்னு வச்சா?”

“ஏற்கெனவே மூணு பேருக்குக் குடுத்தாச்சு. சாபத்துக்கே சலிச்சுப் போயிருக்கும்.”

மணி மூன்று இருபது. கதாசிரியை சன்னலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையே நடந்தாள். குடிக்க எடுத்த தண்ணீரைக் குடிக்காமலே ஊற்றினாள். மறுபடி நத்தையிடம் வந்தாள்.

“இன்னொரு தடவை போடுங்க.”

திரையில் காவல்காரி சக்கரத்தருகே வந்தாள். பிடிக்கும் முன் ஒரு நொடி நின்று, தன் இரு உள்ளங்கைகளையும் பார்த்தாள்.

“இதை நான் எழுதலையே?”

“நான்தான் சேர்த்தேன். கனமானதைத் தொடறதுக்கு முன்னாடி கையைப் பார்த்துக்க மாட்டாங்களா?”

கதாசிரியை நின்றபடியே முன்கதைத் தாளை இழுத்து, கை இழந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். வெள்ளத்தில் காவல்காரி தம்பியை இரு கைகளாலும் பிடித்திருந்தாள், விட்டுவிட்டாள். கைகளில் ஒரு கீறல்கூட இல்லை. அன்று முதல் அந்தக் கைகளை நம்பி அவள் எதையும் பிடித்ததில்லை. விளையாடுபவர் முதலில் தன் கையை நீட்ட வேண்டும். அவள் அதைப் பிடித்த பிறகே சக்கரத்தைத் தொடுவாள்.

அணித்தலைவி இரண்டு முறை படித்தாள். “பூட்டு வேண்டாம்,” என்றாள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால், கைப்பையைத் தோளில் மாட்டியிருந்த குரல் நடிகை அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தாளைப் பார்த்துப் பேசினாள்: “கைக்கு ஒண்ணும் ஆகலைப்பா. ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்படியும் விட்டுட்டேன்.”

பிறகு நிமிர்ந்தாள். “நழுவிடுச்சா, இல்ல, இவளே விட்டுட்டாளாம்மா?”

“அது அவளுக்கே தெரியாது.”

“அப்போ நான் சொன்னது சரியில்ல. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். திரும்ப எடுங்க.”

சிவப்பு விளக்கு எரிந்தது. யாரோ நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்கள், கதாசிரியை உட்காரவில்லை.