மெழுகில் நின்ற மரிக்கொழுந்து

சிவகாசித் தீப்பெட்டிக் கம்பெனியில் பாதிப் பெண்கள் அத்தர் பூசிக்கொண்டுதான் வேலைக்கு வந்தார்கள். கந்தகமும் வச்சிரப் பசையும் கலந்த வாடையில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது வேண்டியிருந்தது. காலையில் காதோரம் ஒரு தொடல். மத்தியானச் சோற்று நேரத்துக்குள் பறந்துவிடும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது தீக்குச்சி வாடை மட்டும் மிஞ்சியிருக்கும். அப்படிப் போய்விடுவதே அவர்களுக்கு வசதி. வீட்டில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே குச்சி அடுக்கும் கருப்பம்மாளுக்கு அப்படிப் போய்விடுவது பிடிக்கவில்லை.

அவள் புருஷன் ஆமத்தூர்ப் பக்கம் கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்துப்போனான். காரியத்தன்று தலையிலிருந்த பூவை எடுத்தார்கள், பொட்டை அழித்தார்கள். பல மாதம் அப்படியேதான் வேலைக்குப் போய்வந்தாள். ஒரு நாள் விருதுநகர்க் கடைத்தெருவில் மரிக்கொழுந்து அத்தர் ஒரு சின்னக் குப்பி வாங்கினாள். இதை யாரும் பிடுங்க முடியாது என்று தோன்றியது. கூடவே, ஒளித்துப் பூசினால் அதுவும் பிடுங்கியதுபோலத்தான் என்றும் தோன்றியது. இந்த வாசம் தன்னோடு வீடு வரைக்கும் வரவேண்டும். மாமியார் மாரித்தாயின் மூக்குக்கு எட்டவேண்டும்.

ஆனால் அது நிற்கவில்லை. பஞ்சில் நனைத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் தடவி அதன்மேல் பூசினாள். சேலை முந்தியில் முடிந்து வைத்தாள். எதுவும் வெயில் சாய்கிற வரைக்கும் தாங்கவில்லை.

அவள் குச்சி அடுக்கிக் கொடுக்கும் சட்டங்களை முதலில் உருகிய மெழுகில் முக்குவார்கள், பிறகுதான் தீப்பற்றும் மருந்தில். மெழுகு குச்சிக்குள் ஏறி அப்படியே தங்கிவிடும். ஒரு மத்தியானம் அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் சொட்டி உறைந்து, குப்பைக்குப் போகவிருந்த மெழுகைச் சுரண்டி முந்தியில் முடிந்துகொண்டாள். மாமியார் ஆடு மேய்க்கப் போயிருந்த நேரத்தில் அதைத் தேங்காய் எண்ணெயோடு இளக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணிந்ததும் அத்தரை விட்டுக் கிண்டினாள். ஆறியதும் வெண்ணெய்போலத் திரண்டது.

மறுநாள் அதைக் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் தேய்த்துக்கொண்டு போனாள். மூன்று மணிக்கும் வாசம் அப்படியே இருந்தது. பக்கத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த இருளம்மாள் மோந்து பார்த்தாள்.

"ஏட்டி, சட்டத்தோட ஒன்னயும் மெழுகுல முக்கிட்டாகளா? பாத்துக்க, உரசுனாப் பத்திக்கிடப் போற."

"உரசத்தான வீட்ல ஒரு மாமியா இருக்கா," என்றாள் கருப்பம்மாள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வாசலில் மாரித்தாய் மறித்தாள்.

"என்னட்டி வாசம்?"

"மரிக்கொழுந்து."

"யாருக்கு?"

"எனக்கு."

"தாலி அறுத்தவளுக்கு வாசம் கேக்குதோ! குளிச்சிட்டு உள்ள வா. இல்லயா, இப்பிடியே ஒங்க ஆத்தா வீட்டுக்கு நட."

கருப்பம்மாள் கொல்லையில் போய்க் குந்தினாள். மாரித்தாயே குடத்தைத் தூக்கி அவள் தலையில் ஊற்றினாள். குனிந்து கழுத்தருகே மோந்தாள். மரிக்கொழுந்து. இன்னொரு குடம் கொண்டுவந்து ஊற்றினாள். ஈரத்தில் வாசம் முன்னைவிடத் தூக்கலாக இருந்தது.

"எதப் பூசித் தொலச்ச?"

"மெழுகு. குச்சிக்குப் போடுறது. தண்ணிக்குப் போகாது."

மாரித்தாய் வீட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் குடம் தண்ணீரை இடுப்பில் வைத்தபடி நின்றாள். அந்த வருசம் மழை இல்லை. ஊர்க் கிணற்றில் விடிந்துதான் இறைக்க விடுவார்கள். இருவரும் குடத்தைப் பார்த்தார்கள். பட்டியில் ஆடுகள் செருமின.

"ஊத்துங்க அத்த," என்றாள் கருப்பம்மாள். "ராத்திரி ஒல வைக்க வேண்டாம். பட்டினி கெடப்போம். விடியவும் இது இப்பிடியேதான் மணக்கும்."

மாரித்தாய் ஊற்றவில்லை. குடத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

கருப்பம்மாள் எழுந்தாள். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி, மாமியார் மறித்த முன்வாசலுக்கே வந்து, சேலையில் ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைத்து உலை ஏற்றினாள்.

உலை கொதிக்கத் தொடங்கியபோது பின்னாலிருந்து மாரித்தாயின் குரல் வந்தது.

"நாளைக்கும் பூசுவியோ?"

"பூசுவேன்," என்று திரும்பாமலே சொல்லிவிட்டு அரிசியைக் களையத் தொடங்கினாள்.